மேல்பாதி வளைந்த வில்

சித்திரை பிறந்த வாரத்தில் தொடங்கி ஆடிப்பெருக்கன்று முடித்தேன், என் மனைவிக்கான வில்லை. மெர்பாவ் பலகை, அதன் முதுகில் ஒட்டிய மூங்கில் பட்டை. ஈப்போ வீட்டில் கார் நிறுத்தும் இடத்துத் தூணில் அதைக் கிடையாகப் பொருத்தி, நாணைக் கப்பியால் கீழே இழுத்து, இரண்டு பாதிகளும் ஒன்றுபோல வளைகின்றனவா என்று பார்ப்பேன். விறைத்து நிற்கும் இடத்தை உடைந்த கண்ணாடியால் சுரண்டிவிட்டு மீண்டும் இழுப்பேன். இதை டில்லர் பார்ப்பது என்போம். நான் படித்த புத்தகங்கள் சொன்னபடியே என் வில் பிறையாக வளைந்தது.

அடுத்த ஞாயிறு அவள் அதில் சில அம்புகள் எய்தாள். "நல்லாருக்குங்க" என்று சொல்லி மரத்தில் சாய்த்துவிட்டுப் பழைய வில்லை எடுத்துக்கொண்டாள்.

பழையதைச் செய்தவன் அவளுடைய தாய்மாமன் மகன். முறை மாப்பிள்ளை. பத்து காஜா டவுனில் வாகன இன்சூரன்ஸ் விற்கிறான், வாய் ஓயாது. இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். அங்கே இப்போது எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. மிஞ்சியிருக்கும் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் திடலில்தான் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் அம்பெய்யக் கூடுகிறோம். அவனை அவள் மச்சான் என்று கூப்பிடுவாள். முறைப்படி சரியான சொல்தான். ஆனாலும் அது என் காதில் ஒவ்வொரு முறையும் தனியாக வந்து விழும்.

கார்த்திகையில் தைப்பிங்கில் வீட்டில் செய்த விற்களுக்கென்றே ஒரு போட்டி நடக்கும். எய்பவர் பெயரோடு வில்லைச் செய்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். போன ஆண்டு அவள் பெயரை அடுத்து அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு நான் குடை பிடித்து நின்றேன். இந்த ஆண்டு அந்த இடத்தில் என் பெயர் வேண்டும்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவன் வில்லை என் தூணில் ஏற்றி இழுத்துப் பார்த்தேன். மேல்பாதி கொஞ்சமல்ல, நிறையவே அதிகமாக வளைந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னேன்: "தம்பி, உன் வில்லுல மேல்பாதி ரொம்ப வளையுது. டில்லர் தப்பு."

"தப்புதாண்ணே. அவ கை அப்படி. நான் என்ன செய்ய?"

"எந்தக் கை?"

அவன் அவளைப் பார்த்தான். "இன்னும் சொல்லலையா நீ?"

"அதெல்லாம் ஒரு கதையா மச்சான்" என்று சிரித்தபடி இடது கையை நீட்டினாள். மணிக்கட்டு பின்னால் மடங்கவில்லை. சிறுவயதில் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து முறிந்ததாம். வில்லைப் பிடிக்கும்போது அழுத்தம் உள்ளங்கையின் மேற்புறத்தில்தான் விழும். அதனால் மேல்பாதி இளகிக் கொடுக்க வேண்டும். என் வில் அவள் கையை வலிக்க வைத்திருக்கிறது.

"நான்தாண்ணே முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினேன். மாடு மாதிரி கனம் லா. வழியெல்லாம் தோள்பட்டையக் கடிச்சா."

"பொய் சொல்லாத மச்சான்! பாதி வழி நான் நடந்துதான் வந்தேன்."

"எந்த வருஷம்?" என்று கேட்டேன்.

"பழ சீசன்" என்றான் அவன். "ஸ்கூல் லீவு" என்றாள் அவள். ஜூனா டிசம்பரா என்று இருவரும் வெகுநேரம் சிரித்துச் சண்டை போட்டார்கள். பெண் பார்க்கப் போன நாள், அவள் முதல் சம்பளம் வாங்கிய நாள் எல்லாவற்றையும் தேதியோடு சொல்லக்கூடியவன் நான். அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேர முடியவில்லை.

தரையிலிருந்து எழும்போது அவள் முஷ்டியை ஊன்றித்தான் எழுவாள். கதவையும் முஷ்டியால்தான் தள்ளுவாள். பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு தூணை விட்டுவிட்டேன். அவளையே எதிரில் நிறுத்தி இழுக்கச் சொன்னேன். வளைவைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். மேல்பாதியை மட்டும், பிறை கெடக் கெடச் சுரண்டினேன்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. அவள் என் வில்லுக்குத்தான் நாண் பூட்டினாள். அவள் பெயரை வாசித்தார்கள், அடுத்து என் பெயரை. பக்கத்தில் நின்ற அவள் மச்சான் என் வில்லை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, கடைசியில நீங்களும் தப்பாத்தான் செஞ்சிருக்கீங்க."

எய்து முடித்து, நனைந்தபடி கூடாரத்துக்குள் ஓடிவந்தாள். இடது கையைத் தூக்கி ஆட்டினாள்.

"மச்சான், வலிக்கவே இல்ல!"

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.