சதய நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

ஆரணிக்கு வாய் நீளம் என்று உடுப்பிட்டியில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். தாதியர் கல்லூரியில் இரண்டாம் வருடம். கேட்டால்தான் பதில் சொல்லுவாள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது பற்றிய சோதினையில் பத்துக்கு ஒன்பது எடுத்தவள். பஸ்ஸில் கதைக்கக்கூடாது, பேஸ்புக்கில் போடக்கூடாது, வீட்டுக்காரரிடமும் சொல்லக்கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தாள். அப்பேர்ப்பட்ட பிள்ளைதான் இந்த வேலையைப் பார்த்தது. என்னத்தைச் சொல்ல!

பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரி வாட்டில் ஞானாம்பிகை என்றொரு அம்மா இருந்தார். சாவகச்சேரிக்காரி. மார்பில் கட்டி; வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஊருக்குச் சொன்ன கதை வேறு: கொழும்பில் தம்பி வீட்டில் நின்று கண் வைத்தியமாம். மகள் கஜந்தினிக்குக் கலியாணம் பேசி, பொருத்தம் பார்த்து, ஆவணியில் நாளும் குறித்தாயிற்று.

"தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமெண்டு நினைச்சு விட்டிட்டுப் போயிடுவினம், பிள்ளை. உம்மை நம்பிச் சொல்லுறன், வெளியிலை விட்டிடாதையும்."

"சீச்சீ, நான் ஆருக்கும் சொல்லன் அம்மா," என்றாள் ஆரணி. மனதாரத்தான் சொன்னாள். பிரசர் பார்த்தபடியே, "உங்கடை நட்சத்திரம் என்னம்மா?" என்றும் கேட்டுவைத்தாள்.

"சதயம்."

வெள்ளிக்கிழமை லீவில் ஊருக்குப் போனவள், முழுகிவிட்டு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். ஐயரிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "ஞானாம்பிகை, சதய நட்சத்திரம்" என்றாள். ஐயருக்கோ வெண்கலக் குரல். வெளி வீதிவரை கேட்டிருக்கும்.

பக்கத்தில் இராசமலர் மாமி. நாலு வீடு தள்ளி இருப்பவர். "உங்கடை வீட்டிலை உந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லையே, பிள்ளை?"

"எங்கடை வாட்டிலை இருக்கிற அம்மா, மாமி. சாவகச்சேரி. மார்பிலை ஒபரேசன். றிப்போட் நல்லபடியா வரவேணுமெண்டு..."

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! சத்தியமாக, அதை ஒரு ஆளிடம் சொன்னதாகவே அவள் எண்ணவில்லை. சுவாமிக்கு முன்னால் நின்று சொன்னது சுவாமிக்குச் சொன்னதுதானே என்று இருந்துவிட்டாள். இராசமலர் மாமிதான் மாப்பிள்ளையின் சொந்த அத்தை என்று அவளுக்கு எங்கே தெரியும்? ஆனால் யாழ்ப்பாணம் என்ன கண்காணாத தேசமா?

புதன்கிழமை மாப்பிள்ளை பகுதி கஜந்தினியின் சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. "முதலிலை தாயின்ரை உடம்பைப் பாருங்கோ" என்று ஒரு சொல்லும் கூடவே வந்தது.

ஞானாம்பிகை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வாட்டில் எல்லார் கண்ணும் லூர்த்தம்மாவின் மேல் விழுந்தது. குருநகரில் இருந்து வந்து வாட்டைக் கூட்டித் துடைப்பவள். கட்டிலுக்குக் கட்டில் நின்று கதைப்பவள். வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

"அந்தோனியாராணை, நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை!" என்று அவள் அழுதாள். பொறுப்பான சிஸ்டர் முறைப்பாடு எழுதப் பேனையை எடுத்துவிட்டார்.

ஆரணி மருந்துத் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

"நான்தான், சிஸ்டர். அவவின்ரை பேரிலை அர்ச்சனை செய்தனான். பக்கத்திலை நிண்ட மாமி கேக்க, ஒபரேசனெண்டும் சொல்லிப்போட்டன்."

"பஸ்ஸிலை கதைக்கப்படாதெண்டு எழுதத் தெரிஞ்ச உமக்கு, கோயிலுக்குள்ளையும் கதைக்கப்படாதெண்டு ஆர் வந்து சொல்லித் தரவேணும்?" என்றார் சிஸ்டர். கல்லூரிக்கு அறிக்கை போனது. லூர்த்தம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆரணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞானாம்பிகையும் ஏசவில்லை. "சுவாமி பேருக்கெண்டு சொல்லியும் அர்ச்சனை செய்யலாம்தானே, பிள்ளை? நான் ஆரெண்டு பிள்ளையாருக்குத் தெரியாதே?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் றிப்போட் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை.

ஆரணி கட்டிலடிக்கு ஓடினாள். "அம்மா, நான் போய் அவையளிட்டை ஒண்டுமில்லையெண்டு சொல்லுறன்!"

"வேண்டாம்." இந்த முறை குரல் கடுமையாகவே இருந்தது. "வருத்தக்காரியின்ரை மகளெண்டு தள்ளினவையின்ரை வாசலிலை, றிப்போட்டைக் காட்டிக் கெஞ்சச் சொல்லுறீரோ? என்ரை உடம்பைப் பற்றி இனி நீர் ஆரோடையும் கதைக்கப்படாது. நல்லதெண்டாலும் கதைக்கப்படாது."

"ஓம் அம்மா," என்றாள்.

அடுத்த வெள்ளியும் கோயிலுக்குப் போனாள். "ஆர் பேருக்குப் பிள்ளை?" என்று ஐயர் கேட்டார். "சுவாமி பேருக்கு, ஐயா."

இராசமலர் மாமி கிட்ட வந்தார். "பிள்ளை, அந்த மனிசிக்கு றிப்போட் வந்ததோ? புற்றுநோய்தானே?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"எனக்குத் தெரியாது, மாமி."

மாமி அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். "உம்மடை முகத்திலையே தெரியுது. பாவம் மனிசி. பிள்ளையார்தான் உம்மடை வாயாலை எங்களுக்குச் சொல்லித் தப்ப வைச்சவர்," என்று சொல்லி, திருநீற்றைப் பூசிக்கொண்டு போனார்.