பாலிஷ்காரர் வேதநாயகத்தின் கல்லீரல்

போன மாதம் போர்ட் பிளேரில் எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண், வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி, கைக்குள் அடங்குகிற கருவியை விலாவோரமாக நகர்த்தினாள். ஊசி இல்லை, கத்தி இல்லை. "லிவர் நல்லா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லி, துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை. அறுபத்தெட்டாம் வருஷம் என் அப்பாவின் கல்லீரலை மூக்கால் சோதித்தாரே ஒரு டாக்டர், அவர்மேல்.

அப்பா பெயர் வேதநாயகம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கப்பலேறி அந்தமானுக்கு வந்து, சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் கோவிந்தராஜ் என்ற கான்ட்ராக்டரின் மரப்பட்டறையில் பாலிஷ்காரராகச் சேர்ந்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டுத் தொட்டு, படாக் மர மேஜைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர் வேலை. ஈரக்காற்று பட்டால் பாலிஷ் வெளுத்துவிடும். அதனால் மழைக்காலத்தில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளேயே உட்கார வைத்துவிடுவார் கோவிந்தராஜ். அந்தமானில் மழை எப்போது ஓய்கிறது? அப்பாவின் சட்டையில், தலைமுடியில், மூச்சில்கூட ஸ்பிரிட் நெடி. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

ஆனால் அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவருடைய அப்பா குடித்துவிட்டு வள்ளத்திலிருந்து விழுந்து செத்தவர். பிணத்தைத் தேடப் போன மகனுக்கு அதற்குப் பிறகு சாராயக் கடைப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை.

அறுபத்தெட்டு மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வலது விலாவுக்குக் கீழே வலி, தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. அம்மா அமுதம் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், நானும் கூடப் போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர். வயிற்றை அமுக்கினார், ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"தாரு பீத்தா ஹை?" குடிக்கிறாயா என்று கேட்டார்.

"கபி நஹி சாப்", ஒருநாளும் இல்லை என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். எல்லா மதராசியும் இதைத்தான் சொல்கிறான் என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

மெட்ராஸுக்குப் போனால்தான் மேற்கொண்டு சோதிக்க முடியும். கப்பலில் இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. நோயாளிக்கு அவசரம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கப்பலிலேயே ஏறலாம். அந்த வார்த்தையில்தான் அப்பாவின் உயிர் இருந்தது. குடியை விட்டால் எல்லாம் சரியாகும், குடிகாரனுக்கு எதற்குக் கப்பல் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

அம்மா சும்மா இருப்பவள் இல்லை. மறுநாள் பட்டறையிலிருந்து பாலிஷ் பாட்டிலை வாங்கிப் போய், நேராக டாக்டரின் மேஜைமேல் வைத்தாள். "யே சூங்கோ சாப்! மோந்து பாருங்க! இந்த நெடிதான் அவுக மேல அடிக்குது!"

டாக்டர் முகர்ந்தார். அவர் முகம் தெளிந்தது. "அச்சா! இதைத்தான் குடிக்கிறானா?"

கையில் கண்ணாடி போலத் தெளிவாக ஆதாரம் கொடுத்தும், அந்த மனுஷனுக்கு அது குற்றத்துக்குத்தான் ஆதாரமாகத் தெரிந்தது. சாராயம் குடிக்கிறவன் என்ற பெயர் போய், பாலிஷையே குடிக்கிறவன் என்ற பெயர் வந்தது. படித்த படிப்பெல்லாம் எதற்கு? எதிரில் நிற்கிறவன் பொய்தான் சொல்வான் என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

லம்பா லைன் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜெகநாதன், அரசாங்க குமாஸ்தா. ஊருக்குப் போகத் தன் குடும்பத்துக்கு வாங்கி வைத்திருந்த கப்பல் இடங்களைத் துறைமுக ஆபீசில் சண்டை போட்டு அப்பா, அம்மா பேருக்கு மாற்றிக்கொடுத்தார். என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கப்பலில் அப்பா வலி தாங்காமல் உதட்டைக் கடித்தே புண்ணாக்கிக்கொண்டாராம்.

மெட்ராஸில் ஒரு டாக்டர் விலா எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்து அழுத்தினார். அப்பா அலறினார். "முன்னாடி சீதபேதி வந்துச்சா?" என்று அவர் கேட்டார். வந்திருந்தது. உள்ளே பார்க்க அன்றைக்கு ஸ்கேனா இருந்தது? கை உணர்ந்த இடத்தில் குத்துமதிப்பாகத் தடித்த ஊசியை இறக்கினார்கள். காப்பி நிறத்தில் சீழ் வந்து கிண்ணம் நிறைந்தது. அமீபாக் கிருமி ஈரலில் கட்டிய கட்டி. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உள்ளேயே உடைந்து ஆளை முடித்திருக்கும் என்றார்கள். குடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா பிழைத்துத் திரும்பினார். வேலையில் திரும்பச் சேர சர்ட்டிபிகேட் வாங்க அதே டாக்டரிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வீக்கம் இல்லை. மெட்ராஸில் நடந்ததைச் சொல்ல அப்பா வாயெடுப்பதற்குள், பக்கத்திலிருந்த நர்ஸுகளிடம் பெருமையாகச் சொன்னார்: "தேக்கா? தாரு சோட் தியா, பச் கயா!" பார்த்தீர்களா, குடியை விட்டான், பிழைத்தான்.

அது ஊரெல்லாம் பரவியது. அக்கரை பம்பூஃபிளாட்டிலிருந்தெல்லாம் பெண்கள் குடிகாரப் புருஷன்மார்களை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "அண்ணாச்சி, நீங்க எப்படி விட்டீங்க, இவருக்கும் சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள். நான் குடித்ததே இல்லை என்று அப்பா சொன்னால், வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் அவர் மறுப்பதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எழுபத்தேழாம் வருஷம் நெஞ்சுவலியில் அப்பா இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். கோவிந்தராஜ் மண்ணை அள்ளிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "குடிய விட்டப்புறம் தங்கமான மனுஷன்."

அம்மா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுறதுக்கு அவுக எப்பய்யா தொட்டாக?"

பங்குச் சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். கோவிந்தராஜ் கையை இழுத்துப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"குடிக்காத மனுஷன்னு சொல்லும். இத்தன பேரு கேக்கச் சொல்லிட்டு மண்ணப் போடும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"வேதநாயகம் குடிக்காத மனுஷன்" என்றார்.

"சத்தமா."

சத்தமாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் அம்மா அவர் கையை விட்டாள்.