ஏரிக்குள் இருந்த எங்கள் வீடு

ஜெயங்கொண்டம் ஆபீசை விட்டு நானும் அப்பாவும் மீன்சுருட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. அப்பா கை காட்டவில்லை. கோபம் வந்தால் அவர் நடப்பார். அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு அப்படியே வந்திருக்கிறது.

அரசாங்க வீடு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். எங்கள் கூரை ஒவ்வொரு மழைக்கும் ஒரு மூலையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இடத்தைப் போனில் படம் பிடித்துப் பதிய ஒரு சார் வந்துவிட்டுப் போயிருந்தார். இப்போது ஆபீசில் கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். எங்கள் இடம் ஏரிக்குள் இருக்கிறதாம். ஏரிக்குள் வீடு கட்டப் பணம் தரமாட்டார்களாம். ஏரி வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது என்று அப்பா மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். திரையில் இருந்த சிவப்புப் புள்ளி நகரவில்லை.

வழியில் ஒரு முந்திரித் தோப்போரம், சாலை அளக்க வந்த அக்கா ஒருத்தி கையில் சிறு கருவியோடு உச்சி வெயிலில் நின்றிருந்தாள். பக்கத்திலேயே நல்ல நிழல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்பாவால் போக முடியவில்லை.

"ஏம்மா, நிழலுக்கு வந்து நின்னு பாக்கக் கூடாதா?"

"நிழலுக்கு வந்தா இது ரோட்டயே தோப்புக்குள்ள கொண்டுபோய் விட்டுடும்ண்ணே."

சிரித்துக்கொண்டே கருவியை என் கையில் கொடுத்தாள். ஜிபிஎஸ் கருவி. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடும். வானம் திறந்திருந்தால் நிறைய செயற்கைக்கோள்கள் கிடைக்கும். அடர்ந்த மரத்தடியில் சில மறைந்துவிடும், சிலவற்றின் சிக்னல் கிளைகளில் பட்டுச் சுற்றிக்கொண்டு வரும், கணக்கு பிசகும். எத்தனை மீட்டர் பிசகியிருக்கலாம் என்று கருவியே ஓர் எண்ணில் சொல்லிவிடும் என்றாள். வெயிலில் அந்த எண் நான்கு. முந்திரிக்குள் நுழைந்ததும் ஏறிக்கொண்டே போய் முப்பதைத் தாண்டியது. வெளியே வந்து அசையாமல் நின்றேன். மெதுவாக இறங்கியது.

"அந்த நம்பர் எறங்குற வரைக்கும் பொறுக்கணும். பொறுக்காம அமுக்குனா எங்கயாச்சும் போய் உக்காந்துக்கும்."

அப்பா சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சார் வந்த அன்று, வெயிலில் வந்த மனிதர் என்று அம்மா அவரைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டுக் கட்டிலைப் போட்டு மோர் கொடுத்திருந்தாள். அவரும் குடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே போனை அமுக்கிவிட்டுப் போனார்.

அலைந்து கெஞ்சி அவரை இன்னொரு முறை வரவழைத்தோம். அம்மா பழக்கத்தில் கட்டிலைத் தூக்கினாள். அப்பா அதைப் பிடுங்கி வைத்தார்.

"கோச்சுக்காதீங்க சார். வெயில்லயே நில்லுங்க."

வீடு தேடி வந்தவரிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போன தடவை மோரெல்லாம் கிடைத்ததே என்றார் சார்.

"மோர் இருக்குங்க சார். நம்பர் எறங்குனதும் தரேன்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் எம்பி எம்பிப் போனைப் பார்த்தேன். அதிலும் அந்த எண் இருந்தது. இறங்கி ஐந்தில் நின்றது. அமுக்கினார். புள்ளி எங்கள் வாசலில் விழுந்தது.

வீடு கிடைத்தது. அப்பா ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சொந்தச் செலவில் கடைக்கால் எழுப்பிக் காட்டிய பிறகுதான் முதல் தவணை வரும் என்று சொல்லிவிட்டார்களாம். அன்று சாயங்காலம் நான் ஊரெல்லாம் ஓடி, எங்களுக்கு வீடு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருவரும் ஏன் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை அம்மா துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். மழைக்குப் பயந்து வைக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை செங்கல் சூளையில், காயப்போட்ட பச்சைக் கல்லைப் புரட்டிவிடும் வேலைக்குப் போனேன். கூலிக்குப் பதில் கடைக்காலுக்குக் கல்லாகவே தருவதாகச் சூளைக்காரர் அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருந்தார்.