கீரைக்கு ரெண்டு அடி

போன வாரம் பக்கத்து வீட்டு ஷாகிரா டீச்சர் என்னை அவர் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சின்ன ஊர். "பெத்தவங்கள்லாம் கோவமா வராங்க. கூட ஒரு ஆள் இருந்தா தெம்பா இருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். டீச்சர் எடுப்பது கணக்கு. அவர் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண், காலை பிரேயரில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். ரத்தம் கம்மி என்றார் நர்ஸ். இருக்காதா பின்னே? சத்துணவில் போடுகிற கீரையை எல்லாப் பிள்ளைகளும் ஒதுக்கிவிட்டு, கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டைக் கடிக்கிறார்கள். டீச்சர் அறிவுரை சொல்லிப் பார்த்தார். அறிவுரை கேட்டுக் கீரை தின்றவர் நம் வீட்டில் மட்டும் யார் இருக்கிறார்கள்?

அதனால் ஒரு பாட்டுக் கட்டினார். நாலு அடித் தாளம். தட்டில் பாதி கீரையும் காயும் — அதற்கு ரெண்டு அடி. கால்வாசி சோறு — ஓர் அடி. கால்வாசி பருப்போ முட்டையோ — ஓர் அடி. தட்டைத் தட்டிப் பாடிக்கொண்டே சாப்பிட வேண்டும். பின்னக் கணக்கும் புரிந்தது, கீரையும் உள்ளே இறங்கியது. பிள்ளைகள் ஒரே நாளில் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சருக்கே ஆச்சரியம்.

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது... அது சாவு மேளத்து அடி!

எங்கள் தெரு, சுடுகாட்டுக்குப் போகிற வழி. வருஷக்கணக்காக ஜன்னல் வழியே வந்து டீச்சர் மண்டையில் உட்கார்ந்த தாளம், பாட்டுக் கட்டும்போது தானாக வெளியே வந்திருக்கிறது. வீட்டில் பாடிக் காட்டியபோது நானும்தான் தலையாட்டினேன். பாட்டு ஜோர் என்று பாராட்டு வேறு.

பெற்றவர்கள் வேண்டாம் என்றால் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் முன்னமே சொல்லிவிட்டார். கூட்டத்தில் முதலில் எழுந்தது செல்வியின் அம்மா. கரும்பு வெட்டுக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். சத்தம் போடவில்லை.

"வூட்ல அவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு டீச்சர். இது சோத்துத் தட்டுல சாவு அடி அடிச்சிக்கினு இருக்குது. அவரு காதுல வுழுந்தா இன்னா நெனப்பாரு?"

அதுவரை இதை வேடிக்கையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். கண்ணும் கலங்கிவிட்டது. சரி, பாட்டு அவ்வளவுதான் என்று நான் பையைத் தூக்கினேன். அவர் உட்காரவே இல்லை.

"தாளம் தப்புதாம்மா, மாத்திடறேன். ஆனா பாட்டை நிறுத்த மாட்டேன். உங்க பொண்ணு இன்னொரு தடவை மயங்கி விழக் கூடாது. நல்ல அடி எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்புறம் ஆளுக்கொன்று சொன்னார்கள். திருவிழா அடி வேண்டாம், சாப்பிடும்போது யாருக்காவது சாமி வந்துவிடும் என்றார் ஒருவர். கடைசியில் செல்வியின் அம்மாவே பெஞ்சில் தட்டிக் காட்டினார் — பெண் அழைப்புக்கு அடிக்கிற அடி.

வந்தது வம்பு. அது ஆறு அடி. பாதி என்றால் கீரைக்கு மூன்று. மிச்சம் மூன்றை சோற்றுக்கும் பருப்புக்கும் எப்படிப் பங்கு போடுவது? ஹெட்மாஸ்டர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். டீச்சர் போர்டில் 'ஒன்றரை' என்று எழுதினார். அரைக்கு ஒரு சொடக்கு, அவ்வளவுதான் என்றார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரே சொடக்குச் சத்தம்.

செல்வி மட்டும் தட்டைத் தொடவில்லை. "பொண்ணு அழைப்புன்னா பாயசம் போடுவாங்களே, எங்க டீச்சர்?"

"மொதல்ல அந்த மூணு அடியைத் தின்னு. பாயசம் என் பொறுப்பு."

தின்றாள். தட்டை வழித்துத் தின்றாள்.

இன்று காலை டீச்சர் வீட்டில் ஜவ்வரிசியும் வெல்லமும் வந்து இறங்கியிருக்கின்றன. முந்திரி வறுக்கிற வேலை எனக்காம்... தலையாட்டினேன் இல்லையா, அனுபவிக்க வேண்டியதுதான்!