ஜெயித்தவன் வீட்டுச் சோறு

மலாய் நாட்டுத் தெங்கேராக் கடலில் மோட்டார் படகுப் பந்தயம் நடந்த காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவன் மறுநாள் தோற்றவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். சீன முதலாளி ஒருவரின் சரக்குப் படகை ஓட்டிய எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததே இல்லை. எப்போதும், அண்ணன் முறை வைத்து நாங்கள் 'நானா' என்று கூப்பிட்டவர்தான் ஜெயிப்பார். காஜா பெராங் பகுதியில் அரிசிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். ஒருமுறை என் மோட்டார் நடுக்கடலில் நின்றபோது திரும்பி வந்து, கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். "இது கணக்குல சேராது. மறுபடி ஓட்டுவோம்" என்றார்.

ஜப்பான்காரன் வந்தபின் பெட்ரோல் இல்லை, பந்தயம் இல்லை, அரிசியும் இல்லை. அரிசி விற்றவர் வீட்டிலேயே மரவள்ளிக்கிழங்குதான். பட்டினியில் நானாவின் கால்கள் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது.

அந்த நாளில் ஜப்பான் அதிகாரி ஒருவர் விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டப் பந்தயம் வைத்தார். பெட்ரோல் அவருடையது. பரிசு, அரை மூட்டை அரிசி.

நானாவும் வந்தார். இரண்டு பேர் பிடித்துத்தான் படகில் ஏற்றினார்கள். கூட ஓட்டிய மலாய் மீனவர் என்னைப் பார்த்தார். இருவருமே வேகத்தைக் குறைத்து ஓட்டினோம்.

பாதி வழியில் நானா மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் வேகத்தைக் குறைத்ததை மோட்டார் சத்தத்திலேயே கண்டுகொண்டார்.

"என்னடா தம்பி, மாட்டுவண்டியா ஓட்டுறே? எனக்குப் பிச்சை போடுறியளா?"

"கால் வீங்கிருக்கே, நானா..."

"மோட்டாரக் காலாலயா ஓட்டுறோம்? முழுசாத் தொறந்து விடு. இல்லாட்டி இங்கேயே கெடப்பேன்."

திறந்துவிட்டேன். முதல் முறையாக ஜெயித்தேன்.

"நாளைக்கு எங்க வீட்டுல சோறு. நீங்க வரணும், நானா" என்றேன். வழக்கத்தை அவர் மறுக்க மாட்டார். அதை நினைத்துத்தான் அந்த வெற்றியைப் பொறுத்துக்கொண்டேன்.

"வராமலா? இத்தனை வருசம் எஞ்சோத்தத் தின்னவனாச்சே நீ. கறி உண்டா, வெறுஞ்சோறா?"

"கருவாடு இருக்கு."

"போதும்டா."

மறுநாள் மதியம் மலாய்க்காரர் வந்துவிட்டார். நானா வரவில்லை. பானையைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு சட்டியில் சோற்றைப் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப் போனோம். சட்டை போட்டு, தொப்பி வைத்து, புறப்படத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழ முடியவில்லை.

ஒரு பிடி வாயில் வைத்தார். வெளியே வந்துவிட்டது. இன்னொரு பிடியும் அப்படியே.

"நல்லா ஓட்டினே" என்றார்.

மீதி அரிசியை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அது தீர்வதற்குள் அவர் போய்விட்டார். உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் எங்களையும் தோள் கொடுக்கச் சொன்னார்கள். பட்டினியால் செத்தவர் அவ்வளவு கனமாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.