ஷீலாவிடம் மாற்றிச் சொன்னது

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பிரசவ அறை வாசலில் ஒரு மலாய்க்காரர் மூடி போட்ட சட்டியோடு நின்றார். பெண்டாட்டிக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்து, ஆறுவதற்குள் கொடுத்துவிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த பத்து மலாய்ச் சொற்களை வைத்துச் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் திருதிருவென்று விழித்தார். சட்டி காலி. நஞ்சுக்கொடியை வாங்கிப்போக வந்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய், தன் கையால் கழுவி, வீட்டோரமாய்ப் புதைப்பாராம். நான் மணப்பாறையில் இதே வேலை பார்த்தவள். அது எந்த வாளிக்குப் போகிறது என்று அங்கே ஒரு அப்பனும் என்னைக் கேட்டதில்லை. அப்பன்மார்களை நாங்கள் வாசலைத் தாண்டியே விட்டதில்லை, அது வேறு கதை.

கல்யாணமாகி மலேசியாவில் சிம்பாங் அம்பாட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. பக்கத்தில் ஒரு சின்ன மகப்பேறு விடுதியில் வேலை. நான் மருத்துவச்சி இல்லை. குழந்தையை வெளியே எடுப்பது கக் ரோஸ்னா, மலாய்க்கார அம்மா; கக் என்றால் அக்கா. இங்கே நர்ஸையும் மருத்துவச்சியையும் நம் ஆட்கள் மிஸி என்பார்கள். நான் தலைமாட்டில் நிற்பவள். இடுப்பைத் தேய்த்துவிடுவேன், தண்ணீர் கொடுப்பேன், மயங்கி விழப்போகும் கணவனை நாற்காலியில் உட்காரவைப்பேன். எஸ்டேட்டிலிருந்து வரும் தமிழ்ப் பெண்களுக்கு மலாய் நன்றாகவே வரும், ஆனால் வலி ஏறியதும் தமிழைத் தவிர எதுவும் காதில் ஏறாது. அப்போது மிஸி சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை மிஸிக்கும் நான்தான் சொல்வேன். இரண்டு பேரும் என்னை நம்பித்தான் இருப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஷீலா நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பெண். புருஷன் மணியம் லோரி ஓட்டுகிறான். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் ஒரு காலையில், நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று வந்தாள். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, துடிப்பு இல்லை என்றார். மறுநாள் முற்பகல் பிறந்தது. பெண். அழுகை இல்லாத அந்த அறையில் நான் என்ன செய்வதென்று தெரியாமல், மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

கக் ரோஸ்னா குழந்தையைத் துடைத்து, தொப்பி போட்டு, உயிருள்ள பிள்ளையைச் சுற்றுவது போலவே சுற்றினார். ஷீலாவிடம் கேள், பார்க்கட்டும், கையில் வைத்துக்கொள்ளட்டும், அவசரமில்லை என்று என்னிடம் சொன்னார். ஷீலா மருந்து மயக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் குனிந்து அவள் காதில், “பாக்க வேணாம்னு மிஸி சொல்றாங்கம்மா” என்றேன். நிமிர்ந்து மிஸியிடம், “தியா தாக் மாவு” என்றேன். அவளுக்கு வேண்டாமாம். மலாய் சரியாகப் புரியவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

எனக்கும் தலைப்பிரசவம் அப்படித்தான். தாய்வீட்டில்தான் பெறவேண்டும் என்ற வழக்கப்படி ஏழாம் மாதம் விமானம் ஏறி மணப்பாறை போனேன். ஆண் பிள்ளை, இறந்தே பிறந்தான். அம்மா இல்லாத எனக்கு எல்லாம் சித்திதான். பார்த்தால் பால் வற்றாது, மனசும் ஆறாது என்று சொல்லி, துணியில் மூடி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பக்கம் யாரும் காட்டமாட்டார்கள். அதுதான் இரக்கம் என்று நானும் நம்பினேன். நம்பாவிட்டால் நான் எப்படித் திரும்பி வந்திருப்பேன்? ஷீலாவுக்கும் அந்த இரக்கத்தைத்தான் காட்டினேன், பாவி.

மணியம் குழந்தையை மூடிய துணியோடு வாங்கிப் போனான். திறந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாலைக்குள் தோட்டத்து மயானத்தில் எல்லாம் முடிந்தது.

பால் கட்டி அவதிப்பட்ட ஷீலாவுக்கு, பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட நியாலாஸுக்குப் போய்வந்தேன். மூன்றாம் முறை போனபோது, நான் துணியை இறுக்கிக்கொண்டிருக்கையில் கேட்டாள்.

“அக்கா, மிஸி ஏன் பாக்க வேணாம்னாங்க? அவங்க நல்லவங்கதானே. பாப்பா பாக்கமுடியாத மாரி இருந்துச்சா?”

இத்தனை நாளும் தன் பிள்ளையை விகாரமாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். மிஸி அப்படிச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். அவள் அழவில்லை.

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சொல்லுங்க.”

சொன்னேன். நெற்றியை மறைக்கும் முடி. மணியத்தின் மூக்கு. இடது காது மடல் நுனியில் ஒரு சின்ன மடிப்பு. கீழுதடு கொஞ்சம் பிதுங்கி, கோபித்துக்கொண்டு தூங்குவது போல. ஒன்றும் குறையில்லை, அழகாக இருந்தாள் என்றேன். ஷீலா தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு முடிச்சை அவளே அவிழ்த்து, பூவையெல்லாம் என் பக்கம் தள்ளினாள்.

“இனிமே வராதீங்க லா, அக்கா.”

கக் ரோஸ்னாவிடமும் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் இப்படியான வேளையில் அவரே தாயின் அருகில் குனிந்து, தனக்குத் தெரிந்த கொச்சைத் தமிழில் கேட்டுவிடுகிறார். என்னை எதிர்பார்ப்பதில்லை. அதுதான் நியாயம்.

போன மாதம் சித்திக்குப் போன் போட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக, என் பிள்ளை எப்படி இருந்தான் என்று கேட்டேன். “நானும் பாக்கலடி. பாத்தா உங்கிட்ட மறைக்க முடியாதுன்னு, புதைக்கிறவர்கிட்ட அப்படியே குடுத்துட்டேன்” என்றாள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் புதைத்தவரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். மணப்பாறையில் இனி நான் கேட்க ஆள் இல்லை.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடி அவனை நினைத்துப் பார்க்கிறேன். நெற்றியை மறைக்கும் முடி வருகிறது. மடிந்த காது வருகிறது. கோபித்த உதடு வருகிறது. நியாலாஸ் மண்ணில் கிடக்கும் ஷீலாவின் மகள் முகத்தை வைத்துத்தான், மணப்பாறை மண்ணில் கிடக்கும் என் மகனுக்காக அழுகிறேன்.