கால்வெஸ்டனில் கழற்றிய செருப்பு

அமெரிக்காவில் எனக்கு இன்றுவரை பழகாத ஒன்று, வாசலைத் தாண்டியும் காலில் செருப்பு கிடப்பது. டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வருகிறவர் பூட்ஸோடு சமையலறை வரை நடப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகள் நித்யாவின் தோழி கெல்லி முதன்முதலாக வந்தபோது வாசலிலேயே நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொன்னேன். அதில் தப்பே இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு பத்து வயது நித்யா ஒரு தோழியையும் வீட்டுக்கு அழைக்கவில்லை. பெற்ற பெண் நம்மைப் பார்த்தே கூசுகிறாளே என்று மனது அடித்துக்கொண்டது.

தொண்ணூற்றெட்டு வசந்தத்தில் கால்வெஸ்டன் தீவில் கலைவிழா. நூறு வருடத்து மாளிகைகளை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு கிளம்பினோம். கெல்லியும் வந்தாள். காரை நிறுத்தியதும் நித்யா என் காதருகே, "அம்மா, நோ வியர்ட் ஸ்டஃப் டுடே. ப்ராமிஸ்?" என்றாள்.

"நான் என்ன கண்ணு வியர்டா பண்றேன்?" என்றேன்.

தெருவெல்லாம் வாத்திய இசை, நடைபாதையெல்லாம் ஓவியங்கள். வீடுகள் மரப் பூவேலையும் கூரைக் கோபுரமுமாக நகை பூட்டிய கல்யாணப் பெண்களாய் நின்றன. ஈரோட்டில் என்றால் இந்நேரம் இடித்து அபார்ட்மென்ட் கட்டியிருப்போம். ஒரு மாளிகையின் படியேறினேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று மரத்தரை. கால் என்னைக் கேட்கவில்லை, செருப்பை உதறிவிட்டது. பின்னால் வந்த என் கணவரும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நித்யாவின் முகம் சுருங்கிப்போனது.

வாசலில் நின்ற வெள்ளைத்தலை வழிகாட்டி அம்மாள் பதறி ஓடிவந்தார். "கால் வலிக்கிறதா, ஹனி? நாற்காலி போடட்டுமா?"

"வலி இல்லை. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. செருப்போடு எப்படி நுழைவது?" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு உயர்ந்த குதிகால் ஷூக்கள் தரையில் போட்ட குழிகளைக் காட்டினார். "இத்தனை வருடமாக எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே!" என்றவர், வரிசையைப் பார்த்து எல்லோரும் ஷூவைக் கழற்றச் சொல்லிக் கணீரென்று குரல் கொடுத்தார். கௌபாய் பூட்ஸ் போட்ட ஒருவர் முனகிக்கொண்டே படியில் உட்கார்ந்து இழுத்தார்.

கெல்லி சட்டென்று கழற்றிவிட்டு அந்த பூட்ஸ்காரரிடம், "நித்யாஸ் ஹவுஸ்ல எப்பவுமே இப்படித்தான்" என்பதைத் தன் பாஷையில் பெருமையாகச் சொன்னாள். நித்யா அவளை வாய்திறந்து பார்த்தாள். அப்புறம் என்ன, வருகிறவர்களுக்கெல்லாம் செருப்பை எங்கே வைப்பதென்று நித்யாவே கைகாட்ட ஆரம்பித்துவிட்டாள்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வெளியே வந்தால் அந்த வராந்தா திருவிழா நாள் கோயில் வாசலாகக் கிடந்தது. கோயில் வாசலுக்கு உரியதும் நடந்திருந்தது.

"ஏனுங்க, என்ற எடது செருப்பக் காணோமுங்க. யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"பீடை ஒழிஞ்சுதுன்னு விடு," என்றார் கணவர்.

முன்னால் நடந்த நித்யா, சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாயா என்று கெல்லியைக் கேட்பது காதில் விழுந்தது. வலது காலில் ஈரோட்டில் வாங்கிய தோல் செருப்பு, இடது காலில் யாரோ டெக்ஸாஸ்காரியின் செருப்பு, அதுவும் ஒரு சுற்றுப் பெரியது. கடற்கரை வரைக்கும் ராணி மாதிரி நடந்தேன்.